யூதர், சியோனிஸ்ட், இஸ்ரேலி: மூன்றும் ஒன்றா?

கறுப்புக் கோட், பெரிய தொப்பி, காதோரம் தொங்கும் சுருள்முடி, கையில் பாலஸ்தீனக் கொடி. காசாவில் குண்டு விழும்போதெல்லாம் இந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. கீழே, 'உண்மையான யூதர்கள் இஸ்ரேலை எதிர்க்கிறார்கள்' என்று ஒரு வரி. அன்றைக்கே இன்னொரு குழுவில், யூதர்கள் கூடிப் பேசி உலகத்தையே ஆட்டிவைப்பதாக ஒரு பார்வர்ட். வேறொரு குழுவில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஒரு சல்யூட், கூடவே முஸ்லிம்கள் எல்லோரையும் ஹமாஸ் ஆக்கிவிடும் ஒரு கமெண்ட். இந்த மூன்றையும் அனுப்புகிறவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்பவர்கள். ஆனால் மூவரும் செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு மதம், ஒரு மக்கள் கூட்டம், ஒரு நாடு, ஒரு அரசியல் கொள்கை என்று நாலு வெவ்வேறு விஷயங்களை ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் தெரியாமல் நடக்கும் இந்தக் குழப்படியை மதத் தீவிரவாதிகள் தெரிந்தே செய்கிறார்கள். அவர்களுடைய பலமே அதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடலாம். அப்புறம் தீவிரவாதம் எந்த இடத்தில் முளைக்கிறது என்று பார்ப்பது சுலபம்.

யூதர் என்றால் யார்?

நம் ஊர் குலதெய்வக் கோயில் பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் துபாயில். ஒருவர் வருஷம் தவறாமல் கிடா வெட்டுவார், இன்னொருவர் சாமியே இல்லை என்று மேடையில் பேசுவார். ஆனாலும் கோயில் வரி கேட்டு இரண்டு பேருக்கும் போன் வரும். பக்தி இல்லாததால் பங்காளி முறை போய்விடாது. வெளியிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணும் அந்தச் சாமிக்கு உரியவளாகிவிடுகிறாள்.

யூத அடையாளம் ஏறக்குறைய இந்த மாதிரி வேலை செய்கிறது. அது ஒரு மதம். அதே சமயம் பிறப்பால் வரும் உறவும்கூட. யூதச் சமயச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். அதன்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். நம் பங்காளி முறை தகப்பன் வழியில் போகும், அங்கே தாய் வழி. (அமெரிக்காவில் பெரிய பிரிவான சீர்திருத்த யூதர்கள் 1983-இல் தந்தை வழியையும் ஏற்றுக்கொண்டார்கள். பழமைப் பிரிவினர் இன்றுவரை ஏற்கவில்லை.) வெளியிலிருந்து வந்து சேர்வது புதிய வழக்கமும் கிடையாது. பைபிள் படித்தவர்களுக்கு ரூத் கதை தெரியும். அவள் மோவாபியப் பெண், அந்நியள். தாவீது ராஜாவுக்கு அவள்தான் கொள்ளுப்பாட்டி.

ஆகவே யூதர்களுக்கு ஒரே முகம், ஒரே நிறம் கிடையாது. போலந்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் போன்றவர் உண்டு; பாக்தாத்தில் அரபு பேசி வளர்ந்தவர் உண்டு; எத்தியோப்பியக் கறுப்பின யூதர் உண்டு. கேரளத்தில் மலையாளம் பேசிய யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய அவர்களுடைய ஜெபக்கூடம் இன்றும் அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உலகம் முழுக்கச் சேர்த்தால் யூதர்கள் ஒன்றரைக் கோடி சொச்சம் பேர். அதில் பாதிக்கும் மேல் இஸ்ரேலுக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஒரு துறவி போட்ட வழக்கு

மதமா, உறவா என்ற கேள்வி இஸ்ரேல் நீதிமன்றத்தையே திணறடித்திருக்கிறது. 1950-இல் இஸ்ரேல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உலகில் எங்கிருக்கும் யூதரும் வந்து குடியுரிமை பெறலாம். திரும்பி வருவோர் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். சரி, 'யூதர்' என்றால் யார் என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை.

ஆஸ்வால்ட் ருஃபைசன் போலந்து யூதர். நாஜிகள் காலத்தில் தன் அடையாளத்தை மறைத்து, போலீஸிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர். மீர் என்ற ஊரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதிக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பி, நூற்றுக்கணக்கானோர் தப்பிக்க உதவினார். அப்புறம் மாட்டிக்கொண்டு, தப்பி ஓடி, ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார்; கார்மல் சபைத் துறவியாகி, டேனியல் சகோதரர் என்ற பெயரில் 1959-இல் இஸ்ரேல் வந்தார். 'நான் மதத்தால் கத்தோலிக்கன், பிறப்பால் யூதன். எனக்குக் குடியுரிமை கொடுங்கள்' என்பது அவர் வாதம். ஹலாகாவின்படி பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். யூதத் தாய்க்குப் பிறந்தவர் எந்த மதத்துக்குப் போனாலும் யூதர்தான். ஆனால் 1962-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாதாரண மக்கள் பேச்சில் 'யூதர்' என்றால் வேறு மதத்துக்குப் போனவரைக் குறிக்காது என்பது தீர்ப்பு. மதச்சார்பற்ற நீதிமன்றம் மதச் சட்டத்தைவிடக் கறாராக இருந்த வினோதம் அது. பிறகு வெளிநாட்டவர் யாரும் விண்ணப்பிக்கும் சாதாரண வழியில் அவர் குடியுரிமை வாங்கிக்கொண்டார்.

1970-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறி வந்தவர், வேறு மதத்தைச் சேராதவர், அவரே யூதர் என்று வரையறுத்தார்கள். ஆனால் குடியேறும் உரிமையை யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களின் துணைவர் வரைக்கும் நீட்டினார்கள். விளைவு என்ன தெரியுமா? சோவியத் ஒன்றியம் உடைந்தபோது வந்து சேர்ந்தவர்களில் லட்சக்கணக்கானோர் அரசுக் கணக்கில் குடிமக்கள், ரபிகள் கணக்கில் யூதர் இல்லை. ரபி என்பவர் யூத மதகுரு. இஸ்ரேலில் கல்யாணத்தை அந்தந்த மத அமைப்புகள்தான் நடத்திவைக்க முடியும் என்பதால், இவர்களில் பலர் சைப்ரஸுக்கு விமானம் ஏறித் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: யூதர் என்பது மதமும் பிறப்பும் கலந்த அடையாளம். இஸ்ரேலி என்பது குடியுரிமை. இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள்; முஸ்லிம், கிறிஸ்தவர், துரூஸ் என்ற தனி மதப் பிரிவினர் எல்லாம் அதில் அடக்கம். இஸ்ரேலிய யூதர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தங்களை மதச்சார்பற்றவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சியோனிசம்: யூதர்களே எதிர்த்த கொள்கை

சியோனிசம் என்பது யூதர்களுக்கென்று அவர்களுடைய பழைய தாயகத்தில் ஒரு நாடு வேண்டும் என்ற அரசியல் கொள்கை. வியன்னாவில் பத்திரிகையாளராக இருந்த தியோடோர் ஹெர்சல் 1896-இல் அதை ஒரு சிறு நூலாக எழுதினார். மறு வருஷமே முதல் மாநாடு. ஜெர்மனியின் மியூனிக்கில் நடத்தத்தான் நினைத்தார்கள். அந்த ஊர் யூதச் சமூகமே 'இங்கே வேண்டாம்' என்று எதிர்க்க, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனது.

எதிர்ப்புக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 'நாங்கள் ஜெர்மானியர், மதம் மட்டும்தான் வேறு' என்றார்கள் சீர்திருத்த யூதர்கள். கிழக்கு ஐரோப்பாவின் யூதத் தொழிலாளர் கட்சியான புந்து, 'இருக்கிற இடத்திலேயே உரிமைக்குப் போராடுவோம்' என்றது. ஆசாரமான யூதர்கள் சொன்னது வேறு. பழைய தாயகத்திலிருந்து யூதர்கள் நாடு கடத்தப்பட்டது கடவுள் தந்த தண்டனை. மீட்பவர் வந்துதான் அதை முடித்துவைக்க வேண்டும். மனிதன் அவசரப்பட்டு நாடு கட்டினால் அது கடவுளை மீறுவது. ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதில் இதற்கு ஆதாரமும் காட்டினார்கள். கூட்டமாகப் படையெடுத்துப் போய் நாட்டைப் பிடிக்கக் கூடாது என்று கடவுள் சத்தியம் வாங்கினார் என்று அதில் ஓர் இடம் வருகிறது.

அந்தக் கொடி பிடித்த கறுப்புக் கோட்டுக்காரர்கள் இந்த மரபில் வந்தவர்கள்தான். நெத்தூரே கார்த்தா என்ற மிகச் சிறிய குழு. படம் உண்மை, தலைப்புதான் பிசகு. அவர்கள் ஏதோ முற்போக்குச் சமாதானவாதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பெண்கள் விஷயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அவர்களைவிடப் பழமைவாதிகள் கிடைப்பது கஷ்டம். இஸ்ரேலை அவர்கள் எதிர்ப்பதற்குக் காரணம் பாலஸ்தீனர்கள்மேல் உள்ள பாசத்தைவிட, தல்மூதில் உள்ள அந்தச் சத்தியம்.

இந்த விவாதத்தை முடித்துவைத்தது வாதத் திறமை அல்ல, ஹிட்லர். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். உலகில் யூதர் எண்ணிக்கை 1939-இல் இருந்த அளவை இன்றுவரை எட்டவில்லை. தப்பித்தவர்களுக்குக் கதவு திறந்த நாடுகள் சொற்பம். 'நமக்கென்று ஒரு நாடு இருந்திருந்தால்' என்ற எண்ணம் அதற்குப் பிறகு பெரும்பாலான யூதர்களிடம் வேரூன்றிவிட்டது. 1948-இல் இஸ்ரேல் பிறந்தது. அந்தப் போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானார்கள்; நக்பா, அதாவது பேரழிவு என்று அதை அவர்கள் சொல்கிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஈராக், ஏமன், எகிப்து, மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து ஏறத்தாழ 8 லட்சம் யூதர்கள் விரட்டப்பட்டோ பயந்தோ கிளம்பினார்கள். பாக்தாத்தில் ஒரு காலத்தில் மூன்று பேரில் ஒருவர் யூதர். இன்று விரல்விட்டு எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

கவனித்தீர்களா, இதுவரை சண்டை நிலத்துக்காக, பாதுகாப்புக்காக. சியோனிசத்தை நடத்தியவர்களும் பெரும்பாலும் சோஷலிசம் பேசிய, கோயில் குளம் பக்கம் போகாத ஆட்கள். கடவுள் பின்னால்தான் வருகிறார்.

1967: கடவுள் அரசியலுக்கு வருகிறார்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பாலஸ்தீனத்தில் தலைமை ரபியாக இருந்தவர் ஆபிரகாம் ஐசக் கூக். ஆசாரமான ரபிகள் சியோனிஸ்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் வேறு மாதிரி யோசித்தார். பன்றிக்கறி தின்கிற, ஓய்வுநாளில் டிராக்டர் ஓட்டுகிற இந்த இளைஞர்கள்கூடத் தங்களுக்கே தெரியாமல் கடவுளின் திட்டத்தை நிறைவேற்றுகிறார்கள் என்றார். தந்தையிடம் இது மற்றவரை அரவணைக்கும் எண்ணமாக இருந்தது. மகன் ஸ்வி யெஹுதா கூக் கையில் அது நிலத்தின்மேல் குவிந்தது.

1967 மே மாதம், இஸ்ரேல் சுதந்திர தினத்தன்று, ஜெருசலேமில் தன் மாணவர்கள்முன் அந்த மகன் பேசினார். 'நம்முடைய ஹெப்ரான் எங்கே? நாப்லுஸ் எங்கே? எரிகோ எங்கே?' என்று கதறினார். மூன்று வாரத்தில் ஆறு நாள் போர் வெடித்தது. மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, சினாய், கோலான் எல்லாம் இஸ்ரேல் வசம். போரில் ஜெயித்ததற்கு விமானப்படை காரணம் என்று உலகம் எழுதியது. அந்த மாணவர்களுக்கோ அது தீர்க்கதரிசனம் பலித்த நாள். பிடித்த நிலத்தில் யூதர்களைக் குடியமர்த்த 1974-இல் அவர்கள் தொடங்கிய குஷ் எமூனிம் என்ற குடியேற்ற இயக்கம் இந்த நம்பிக்கையின்மேல்தான் நின்றது.

தீவிரவாதம் முளைக்கிற இடம் இது. நிலம் புனிதமானது என்று நம்புவதில் ஒன்றும் கெடுதல் இல்லை. காசியையும் மெக்காவையும் கோடிக்கணக்கானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாறு கடவுளின் திட்டப்படி நடக்கிறது என்பதும் பழைய நம்பிக்கைதான். நெத்தூரே கார்த்தாவும் அதை நம்புகிறது, நம்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மாற்றம் மூன்றாவது எண்ணத்தில் இருக்கிறது: திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு என்னுடையது, தாமதம் செய்கிறவன் என் எதிரி மட்டுமல்ல, கடவுளுக்கும் எதிரி. இது சேர்ந்த உடனே, பேசித் தீர்க்க வேண்டிய எல்லைத் தகராறு பேசவே கூடாத விஷயமாகிவிடுகிறது. பாதி நிலத்தை விட்டுக்கொடுப்பது பாவம். பக்கத்து வீட்டுக்காரர் பிரச்சினையில் ஒரு தரப்பு அல்ல, வழியில் கிடக்கும் ஒரு தடங்கல்.

குடியேறிகள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்குக் கரையில் மிகப் பெரிய இரண்டு குடியேற்றங்கள் மோதியின் இல்லித், பெய்த்தார் இல்லித். இரண்டிலும் இருப்பவர்கள் ஹரேதிகள், அதாவது உலக வழக்கிலிருந்து ஒதுங்கி வாழும் அதிஆசார யூதர்கள். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு, அங்கே வீடு மலிவு. சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் அந்தக் குடியேற்றங்களும் சட்டவிரோதம்தான். அங்கே வீடு வாங்குபவரைத் தள்ளுவது வீட்டு விலை, தீர்க்கதரிசனம் அல்ல.

ஹெப்ரான்: ஒரே கட்டடம், இரண்டு வாசல்

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு ஊர் போதும். ஜெருசலேமுக்குத் தெற்கே, மலைமேல் ஹெப்ரான். ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் குகை அங்கே உண்டு. யூதர்களுக்கு அவர் ஆபிரகாம், முஸ்லிம்களுக்கு இப்ராஹீம் நபி. குகைக்குமேல் ஏரோது ராஜா காலத்துக் கல்மதில், அதற்குள் பள்ளிவாசல். நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் உள்ளே போக முடியாது. வெளிப்படிக்கட்டில் ஏழாம் படிவரை ஏறி நின்று பிரார்த்தனை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஊருக்குள் சின்ன யூதச் சமூகம் ஒன்று, அரபு பேசிக்கொண்டு, நெடுங்காலமாக இருந்தது. 1929 ஆகஸ்டில், அல் அக்ஸா பள்ளிவாசலை யூதர்கள் கைப்பற்றப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. கும்பல் வீடு வீடாகப் புகுந்து 67 யூதர்களைக் கொன்றது. அதே நாளில் பல அரபுக் குடும்பங்கள் பக்கத்து வீட்டு யூதர்களைத் தங்கள் வீட்டுக்குள் மறைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பின. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பிழைத்தவர்கள்தான். இன்று ஹெப்ரானைப் பற்றிப் பேசும் குடியேறி கொலையை மட்டும் சொல்வார். மறைத்துக் காப்பாற்றியதைச் சொன்னால் அவர் கதை நிற்காது. அந்தப் பழைய குடும்பங்களின் வாரிசுகளில் சிலர் எங்கள் பெயரைச் சொல்லி இந்தக் குடியேற்றம் வேண்டாம் என்று பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். வேறு சிலர் ஆதரிக்கிறார்கள்.

1968 பஸ்கா பண்டிகைக்கு ரபி மோஷே லெவிங்கர் தலைமையில் ஒரு கூட்டம் ஹெப்ரானில் உள்ள பார்க் ஹோட்டலில் அறை எடுத்தது. பண்டிகை முடிந்தது, அவர்கள் காலி செய்யவில்லை. அரசு தயங்கியது, பேரம் பேசியது. கடைசியில் ஊரை ஒட்டி கிர்யாத் அர்பா என்ற குடியேற்றமே உருவானது. 'முதலில் போய் உட்கார், அரசு பின்னால் வரும்' என்ற சூத்திரம் அங்கே கற்றது.

அந்தக் கிர்யாத் அர்பாவில் குடியிருந்த டாக்டர் பாருக் கோல்ட்ஸ்டைன், 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் வெள்ளிக்கிழமை அதிகாலையில், ராணுவ உடையில் பள்ளிவாசலுக்குள் நுழைந்து தொழுதுகொண்டிருந்தவர்களின் முதுகில் சுட்டார். 29 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அவரை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். அவர் மெய்ர் கஹானேவின் சீடர். கஹானே நியூயார்க்கிலிருந்து வந்த ரபி. அரபுகளை நாட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும் என்று கட்சி நடத்தியவர். 1984-இல் நாடாளுமன்றத்துக்குள் வந்துவிட்டார். அவர் பேச எழுந்தால் வலதுசாரி உறுப்பினர்கள்கூட எழுந்து வெளியே போவார்கள். 1988 தேர்தலில் நிற்க அவர் கட்சிக்குத் தடை. ஹெப்ரான் படுகொலைக்குப் பின் கட்சியே பயங்கரவாத அமைப்பு எனத் தடை செய்யப்பட்டது.

அதன்பின் கட்டடத்தைப் பிரித்தார்கள். ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் ஜெபக்கூடம், தனித்தனி வாசல், நடுவே காவல். வருஷத்தில் 10 நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, 10 நாள் முழுவதும் முஸ்லிம்களுக்கு. ஊரும் 1997-இல் பிரிந்தது. இஸ்ரேல் கையில் உள்ள பகுதியில் சில நூறு குடியேறிகளின் பாதுகாப்புக்காக, ஆயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் தங்கள் கடைத்தெருவிலேயே நடக்க முடியவில்லை. சுடப்பட்டவர்களின் தெரு மூடப்பட்டது. கோல்ட்ஸ்டைனின் கல்லறைக்கு ஆட்கள் யாத்திரை வந்தார்கள்.

துரத்துபவன் சட்டம்

தீவிரவாதிக்கு வேதம் தெரியாது என்று சொல்லி நாம் சமாதானப்பட்டுக்கொள்வதுண்டு. அது உண்மையில்லை. நன்றாகத் தெரியும், அதனால்தான் ஆபத்து.

ஹலாகாவில் ரோதெஃப் என்று ஒரு கருத்து இருக்கிறது. பொருள், கொல்லத் துரத்துபவன். ஒருவன் கத்தியோடு இன்னொருவனைத் துரத்தினால், வேறு வழியே இல்லாதபோது, துரத்துபவனைக் கொன்றாவது மற்றவனைக் காப்பாற்றலாம். நம் சட்டத்தில் உள்ள தற்காப்பு உரிமை மாதிரிதான். 1993-இல் பிரதமர் யிட்சாக் ராபின் பாலஸ்தீனர்களோடு ஆஸ்லோ ஒப்பந்தம் செய்தார். நிலத்தை விட்டுக்கொடுத்தால் யூதர்கள் சாவார்கள், ஆகவே ராபின் ஒரு ரோதெஃப் என்று சில தீவிர வட்டாரங்களில் பேச ஆரம்பித்தார்கள். 1995 நவம்பர் 4 இரவு, டெல் அவிவில் சமாதானப் பேரணி முடிந்து காருக்கு நடந்த ராபினை யிகால் அமீர் என்ற சட்ட மாணவன் சுட்டுக் கொன்றான். தன் செயலுக்கு அவன் சொன்ன காரணம் இந்தச் சட்டம்தான். கையில் கத்தி பிடித்தவனுக்கான விதியை, கையெழுத்துப் போட்டவன்மேல் திருப்பிவிட்டார்கள்.

ஆக, மதத் தீவிரவாதம் என்றால் பக்தி அதிகமாகிப்போவது அல்ல. பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றைக் கடவுள் பெயரால் பேச்சுக்கு அப்பால் கொண்டுபோவது, பிறகு கடவுளுக்குப் பதிலாகத் தானே தீர்ப்பு எழுதுவது.

எதிர்ப்பக்கமும் அதே இயந்திரம்

ஹமாஸ் 1987 டிசம்பரில் தொடங்கியது. 1988-இல் அது வெளியிட்ட சாசனம் பாலஸ்தீன நிலம் முழுவதையும் வக்ஃப் என்றது. வக்ஃப் என்றால் இறைவன் பெயரில் எழுதிவைத்த சொத்து. விற்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் பள்ளிவாசல் சொத்துக்குச் சொல்லும் அதே சொல்தான். ஒரு நாட்டையே வக்ஃப் ஆக்கிவிட்டால் எந்தத் தலைவரும் அதில் ஒரு சென்ட் குறித்தும் பேரம் பேச முடியாது. அதே சாசனம் யூதர்களைப் பற்றிய பழைய ஐரோப்பிய சதிக் கதைகளையும் சேர்த்துக்கொண்டது. 2017-இல் வேறோர் ஆவணம் வந்தது, மொழி கொஞ்சம் மாறியது.

இரு தரப்பும் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. ஹெப்ரான் படுகொலைக்கு 40 நாள் கழித்து, பழிக்குப் பழி என்று சொல்லி, அஃபுலா நகரில் ஹமாஸ் குண்டு வைத்தது; 8 பேர் இறந்தார்கள். 1996 தொடக்கத்தில் பஸ்களில் அடுத்தடுத்து தற்கொலைக் குண்டுகள். அந்த மே மாதத் தேர்தலில் ராபினின் வாரிசு ஷிமோன் பெரெஸ் நூலிழையில் தோற்றார். ஆஸ்லோவைக் கொல்ல இரண்டு பக்கத்துக்காரர்களும் கூடிப் பேசவே தேவைப்படவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 250 பேர் பணயக்கைதிகள். அடுத்து வந்த போரில் காசாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது.

இயந்திரம் ஒன்று என்பதால் நிலைமையும் ஒன்று என்று ஆகிவிடாது. மேற்குக் கரையில் ஒரே மலைச்சரிவில் இருக்கும் இரண்டு பேரில் குடியேறிக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம், பாலஸ்தீனருக்கு ராணுவச் சட்டம். ஒருவரிடம் அரசு இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. இதைச் சொல்லாமல் 'இரண்டு பக்கமும் தப்பு' என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். இஸ்ரேல் அரசை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது. அந்த அரசு செய்ததற்கு எங்கோ பாரிஸில் ரொட்டி வாங்கப் போன யூதரைப் பொறுப்பாக்கினால், அது யூத வெறுப்பு.

மதத்துக்குள்ளிருந்தே வந்த மறுப்பு

மதத்தைத் தூக்கி எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊர்ப் பகுத்தறிவாளர்கள் சொல்லக்கூடும். ஆனால் யூதத் தீவிரவாதத்தை மிகக் கூர்மையாக எதிர்த்தவர்களில் சிலர் தொப்பி கழற்றாத பக்தர்கள்.

யெஷயாஹு லைபோவிட்ஸ் ஜெருசலேமில் பேராசிரியர், ஆசாரத்தில் ஒரு அணு பிசகாதவர். 1967 வெற்றிக் களிப்பில் நாடே ஆடியபோது, பிடித்த இடங்களை விட்டு வெளியேறு, இல்லாவிட்டால் இந்த ஆக்கிரமிப்பு நம்மையே அழுகவைக்கும் என்றார். மண்ணையும் கல்லையும் புனிதம் என்று கொண்டாடுவது அவர் பார்வையில் சுத்தமான விக்கிரக வழிபாடு. எந்த மதம் விக்கிரகத்தை உடைத்துப் பிறந்ததோ அதற்கு உள்ளேயே இப்படி ஒன்று.

ரபி ஓவாடியா யோசெஃப் வேறு வழியில் வந்தார். உயிரைக் காப்பாற்ற ஏறக்குறைய எந்தக் கட்டளையையும் மீறலாம் என்பது ஹலாகாவின் அடிப்படை விதி. அதன் பெயர் பிக்குவா நெஃபெஷ். ஓய்வுநாளில் வண்டி ஓட்டுவது பாவம், ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டலாம், ஓட்ட வேண்டும். எகிப்தோடு சமாதானம் நடந்த 1979 வாக்கில், உயிர்கள் பிழைக்கும் என்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இதே விதியை வைத்து அவர் தீர்ப்புச் சொன்னார். (பின்னாளில் ஆஸ்லோவுக்கு அது பொருந்தாது என்று பின்வாங்கினார், அரபுகளைப் பற்றி வாய்க்கு வந்தபடியும் பேசினார். முழு மகாத்மாக்கள் இந்தக் கதையில் கிடைக்க மாட்டார்கள்.)

எனக்குப் பிடித்தவர் மெனாகெம் ஃப்ரோமன். குஷ் எமூனிம் இயக்கத்தின் ஆரம்ப கால ஆள். மேற்குக் கரையில் தெக்கோவா என்ற குடியேற்றத்தின் ரபி. நிலம் புனிதம் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் நிலம் கடவுளுடையது என்றால் நான் மட்டும் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும் என்று கேட்டார். பாலஸ்தீனத் தலைவர் அராபத்தைப் போய்ப் பார்த்தார், ஹமாஸ் நிறுவனர் ஷேக் அகமது யாசினோடும் பேசினார். 2010-இல் பெய்த் ஃபஜ்ஜார் கிராமத்தில் பள்ளிவாசலுக்குத் தீ வைத்து, குர்ஆன் பிரதிகள் எரிந்துபோனபோது, மற்ற ரபிகளோடு புதிய குர்ஆன் பிரதிகளை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். இரண்டு பக்கத்திலும் அவரைக் கிறுக்கர் என்றவர்கள் உண்டு.

சேர்ந்து வாழ்வது நடைமுறையில்

ஹைஃபா நகரில் அரபு நர்ஸ் யூத நோயாளிக்கு ஊசி போடுகிறார்; மருந்துக்கடையில் இருப்பவரும் அரபு, டாக்டரும் பல நேரம் அரபு. இது தினசரி நடக்கிறது, யாரும் செய்தி ஆக்குவதில்லை. ஆனால் வேலை முடிந்தால் அவரவர் தெரு, அவரவர் பள்ளி. 2021 மே மாதம் காசா மோதலின்போது லோத் போன்ற கலப்பு நகரங்களில் அதே அக்கம்பக்கத்தார் வீட்டுக்கும் ஜெபக்கூடத்துக்கும் தீ வைத்துக்கொண்டார்கள். தினமும் முகம் பார்த்துக்கொள்வது மட்டும் போதவில்லை.

அந்தக் கலவரம் நடந்த மறு மாதமே ஒரு விநோதம். மன்சூர் அப்பாஸ் தலைமையிலான இஸ்லாமியக் கட்சி ராம், இஸ்ரேல் கூட்டணி அரசில் சேர்ந்தது. யூதக் கட்சிகளைச் சாராத எந்த அரபுக் கட்சியும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. அரபு ஊர்களுக்குச் சாலை, மின் இணைப்பு, போலீஸ் பாதுகாப்பு என்று மளிகைப் பட்டியல் மாதிரி கோரிக்கை. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தது. அதற்கு அடுத்த தேர்தலில் வந்த அரசில், 2022 டிசம்பரில், கஹானேவின் இளைஞர் அணியில் வளர்ந்த இதமார் பென் க்விர் போலீஸ் துறைக்கு அமைச்சர் ஆனார். வீட்டு வரவேற்பறையில் கோல்ட்ஸ்டைன் படத்தை மாட்டியிருந்தவர் அவர். கஹானே பேசினால் எழுந்து போன நாடாளுமன்றம் அதேதான்.

துக்கத்தில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். யிட்சாக் ஃப்ராங்கென்தால் பக்தியான யூதர். 1994-இல் அவர் மகனை ஹமாஸ் கடத்திக் கொன்றது. மறு வருஷம், இரு தரப்பிலும் குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப் பிடித்து அவர் தொடங்கியதுதான் பெற்றோர் வட்டம். இன்று 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், யூதரும் பாலஸ்தீனரும். சேர்ந்து பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள். அக்டோபர் 7-க்குப் பிறகும் கூட்டம் நடத்தினார்கள்.

'கையோடு கை' என்ற பெயரில் 1998 முதல் நடக்கும் பள்ளிகளில் ஹீப்ரு, அரபு இரண்டும் பாடமொழி. இஸ்ரேலில் பொதுவாக யூதப் பிள்ளைகளுக்கும் அரபுப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள்தான். 2014 நவம்பரில் ஜெருசலேமில் உள்ள இந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறையைக் கொளுத்தினார்கள். சுவரில் 'கஹானே சொன்னது சரி' என்றும், புற்றுநோயோடு சேர்ந்து வாழ முடியாது என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தவில்லை. ஆறு இடங்களில் சேர்த்து சுமார் 2,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வசந்த காலத்தில் ஒரு வகுப்பில் பாதிப்பேருக்கு அது சுதந்திர தினம், மீதிப்பேருக்கு நக்பா. இரண்டையும் பாடம் நடத்த வேண்டியது ஆசிரியர் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் யூதப் பிள்ளைகளுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வருகிறது, அரபுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வராது. போகலாமா கூடாதா என்று வகுப்பிலேயே வாக்குவாதம் நடக்கும். நாட்டில் பள்ளி போகும் மற்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் எதிர்த்தரப்பில் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது கல்லூரியிலோ வேலையிடத்திலோதான். மேற்குக் கரையில் அந்த முதல் சந்திப்பு பெரும்பாலும் செக்போஸ்டில் நடக்கிறது.